வார்ம் நிறத்துக்கு எந்த ஷேடு? பீச் போட்டால் மாநிறத்தில் ஏன் சாம்பல் பூக்கிறது?

மாந்தோப்பு, கிருஷ்ணகிரி | 2025 மே 11, காலை 10.20
வார்ம் ஸ்கின், அதாவது மஞ்சள், தங்கச் சாயல் தோல் என்றால் பீச், கோரல், ஏப்ரிகாட் என்று எல்லா வீடியோவிலும் ஒரே பாட்டு. நம்ம பக்கத்து மாநிறத்தில் அதே பீச் லிப்ஸ்டிக் உதட்டில் சுண்ணாம்பு தடவின மாதிரி நிற்கிறது, பிளஷ் கன்னத்தில் சாம்பலாகத் தெரிகிறது. தங்கம் எடுப்பாக இருக்கிறது, மாம்பழ மஞ்சள் புடவை எடுப்பாக இருக்கிறது, அதனால் வார்ம்தான் என்று நினைக்கிறேன். அப்புறம் எங்கே இடிக்கிறது? விவரம் தெரிந்தவர்கள் காரணத்தோடு சொல்லுங்க. வைகாசி முகூர்த்தம் வருது, பத்து பேருக்கு ஷேடு எடுக்க வேண்டியிருக்கு.

அரூர் ரோடு, தருமபுரி | மே 11, மதியம் 1.05
இடிப்பது வெள்ளை நிறமி. பெட்டியின் பின்னால் சி.ஐ. (நிறமிக்குத் தரும் அடையாள எண்) 77891 என்று இருக்கும், அதுதான் டைட்டானியம் டையாக்சைடு. ஆரஞ்சில் இதைக் கொட்டினால்தான் பீச் வரும். டிகாஷனில் பால் கூடக்கூட நிறம் வெளிறி மங்குகிற கதைதான். வெளிர் தோலில் அந்த வெள்ளை தெரியாது. தோல் நிறத்தை விட வெளிறிய எந்தப் பூச்சும் மாநிறத்தில் மேலே ஒரு படலமாகத் தனியே மிதக்கும், அந்தப் படலத்தைத்தான் கண் சாம்பல் என்று படிக்கிறது.

ஆரஞ்சு தப்பில்லை, ஆழம்தான் தப்பு. அதே ஆரஞ்சை இரண்டு மூன்று படி இறக்குங்க: பீச்சுக்குப் பதில் சுட்ட செங்கல், கோரலுக்குப் பதில் தக்காளிச் சிவப்பு, ஏப்ரிகாட் பிளஷுக்குப் பதில் டெரகோட்டா. வார்மா கூலா (ரோஸ், நீலச் சாயல்) என்று பார்ப்பதற்கு முன்னால் எவ்வளவு ஆழம் என்று பாருங்க. கடையில் எடுக்கும் தப்பான ஷேடுகளில் பெரும்பாலானவை ஆழத்தில் தப்பியவைதான்.

கணவாய், தொப்பூர் | மே 11, மாலை 4.40
நமக்கெல்லாம் வெயில் பட்ட தோல், மஞ்சள் கலந்த நிறம். அப்படிப் பார்த்தால் இந்த ஜில்லாவே வார்ம்தானே? டெஸ்ட் எதற்கு?

அரூர் ரோடு | மே 11, இரவு 9.15
இல்லைங்க. கருப்பு, மாநிறம் என்பது ஆழம். வார்ம், கூல் என்பது அடிச்சாயல். இரண்டும் வேறு. நல்ல கருப்பில் நீலம் கலந்த கூல் தோல் நிறைய உண்டு, அதற்கு ராணி பிங்க் அள்ளும், செங்கல் நிறம் அழுக்காகத் தெரியும். பச்சை சாயலான ஆலிவ் தோலும் நம்ம பக்கம் ஏராளம். அதை மஞ்சள் என்று எண்ணி வார்மில் சேர்த்துவிடுகிறார்கள். முழு ஆரஞ்சு போட்டால் ஆலிவ் தோல் காமாலை வந்த மாதிரி ஆகிவிடும். மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பார்க்கும் சோதனை ஆழமான தோலில் உதவாது, நரம்பே சரியாகத் தெரியாது.

தங்கத்தை வைத்தும் முடிவு கட்டாதீங்க. தங்கம் போட்ட முகத்தைப் பார்த்தே பழகிய கண் நம்முடையது, யார் போட்டாலும் எடுப்பு என்றுதான் சொல்லும்.

அரூர் ரோடு | மே 12, காலை 8.30
வார்மா கூலா என்று கண்டுபிடிக்க, முகத்துக்குக் கீழே துணி பிடித்துப் பார்க்கும் துணிச் சோதனையை முழுசாக எழுதிவிடுகிறேன். இதற்குக் காசு செலவு இல்லை.

முகத்தை வெறும் தண்ணீரில் கழுவி, கால் மணி நேரம் விடணும். கழுவின சிவப்பு அடங்கட்டும். முடியை முழுசாகக் கட்டி சாம்பல் அல்லது வெள்ளைத் துண்டால் மூடணும். பொட்டு, கம்மல், கண்மை எதுவும் வேண்டாம். வாசல் திண்ணையில், நேர் வெயில் படாத இடத்தில், காலை 9 முதல் 11 மணிக்குள் உட்காரணும். எதிர்ச் சுவரைப் பாருங்க: பச்சைப் பெயின்ட், ரோஸ் பெயின்ட் அடித்த சுவர் அந்த நிறத்தை முகத்தில் வீசும். அப்படி இருந்தால் ஒரு வெள்ளை வேட்டியைச் சுவரில் தொங்கவிடுங்க.

துணிகள் ஜோடி ஜோடியாக: வெளுக்காத பட்டின் இயற்கை வெள்ளைக்கு எதிரே உஜாலா போட்ட வெள்ளை வேட்டி. மாம்பழ மஞ்சளுக்கு எதிரே எலுமிச்சை மஞ்சள். செங்கல் சிவப்புக்கு எதிரே ராணி பிங்க். பாசிப்பச்சைக்கு எதிரே ராமர் பச்சை. புடவை முந்தானையை மடித்து ஜரிகை வெளியே தெரியாமல் தாடைக்குக் கீழே பிடிக்கணும். ஜரிகை வெளிச்சத்தை எறிந்து கணக்கைக் கெடுக்கும்.

துணி அழகா என்று பார்க்கவே கூடாது, கண் தானாக அங்கேதான் போகும். பார்க்க வேண்டிய இடம் நாலு: கண்ணுக்குக் கீழ் கருவளையம், மூக்கோரப் பள்ளம், வாயைச் சுற்றின கருமை, தாடை விளிம்பு. சரியான துணியில் வாயைச் சுற்றின கருமை மட்டுப்பட்டு, தாடை விளிம்பு தெளிவாகத் தெரியும். தப்பான துணியில் அந்தக் கருமை ஒரு வளையமாக எழும்பி வரும். நம்ம தோலில் வாயோரக் கருமை சாதாரணம், அதனால் இந்த ஒரு இடமே முக்கால்வாசி பதிலைச் சொல்லிவிடும்.

உஜாலா வெள்ளையில் முகம் வாடி, பட்டு வெள்ளையில் தெளிந்தால் வார்ம். இரண்டிலும் பெரிய வித்தியாசம் இல்லை என்றால் நியூட்ரல். அவர்களுக்கு அடிச்சாயலைத் துரத்த வேண்டியதே இல்லை, ஆழத்தை மட்டும் பார்த்தால் போதும்.

தளி குளிர், தேன்கனிக்கோட்டை | மே 12, மதியம் 12.10
இதோடு மூன்று எச்சரிக்கை. தினம் மஞ்சள் பூசிக் குளிப்பவர்களுக்கு மேல்தோலில் குர்குமின் கறை நிற்கும், கூல் தோலும் வார்மாகத் தெரியும். சில நாள் மஞ்சளை நிறுத்திவிட்டுப் பார்க்கணும், அல்லது மஞ்சள் படாத தோள்பட்டைப் பக்கம் பார்க்கணும். காட்டு வேலை, ஸ்கூட்டி ஓட்டம் என்று வெயிலில் இருப்பவர்களுக்கு நெற்றியும் கன்னமும் கழுத்தை விட ஒன்றிரண்டு படி கறுத்திருக்கும். துணிச் சோதனையைக் கழுத்தையும் சேர்த்துப் பார்த்துச் சொல்லணும். நரைக்கு மருதாணி போட்டு முடி செம்பட்டையானவர்களுக்கு அந்த ஆரஞ்சு முகத்திலும் வீசும். முடியை மூடச் சொன்னது அதற்குத்தான்.

மாந்தோப்பு | மே 12, மாலை 6.00
பத்து பேரில் ஆறு பேருக்கு பட்டு வெள்ளை தெளிவாக ஜெயித்தது. ஆறு பேருக்கும் ஒரே லிப்ஸ்டிக் எடுத்துவிடலாமா?

அரூர் ரோடு | மே 12, இரவு 10.05
கூடாது. வார்முக்குள்ளேயே பிரிவு இருக்கு. தோல், முடி, கண் நிறத்தை வைத்து ஆட்களைப் பருவங்களின் பெயரில் பன்னிரண்டாகப் பிரிக்கும் பருவக் கணக்கில் வசந்தம் மூன்று, இலையுதிர் மூன்று, இந்த ஆறும் வார்ம் பக்கம். படங்களில் காட்டும் செம்பட்டை முடி, பச்சைக் கண், மச்சப் புள்ளி எல்லாம் வெளிநாட்டு முகங்களை வைத்துச் சொன்னது, அதை விட்டுத்தள்ளுங்க. நமக்கு முடி கருப்பு, கண் கரும்பழுப்பு. மிச்சம் இருப்பது இரண்டே கேள்வி: தோல் எவ்வளவு ஆழம்? நிறம் பளிச்சென்று இருந்தால் தாங்குகிறதா, இல்லை மங்கலாக இருந்தால்தான் பொருந்துகிறதா?

ஆழமான தோல், கரிய முடி, கண் வெள்ளை பளிச்சென்று இருந்தால் ஆழ்ந்த இலையுதிர். அரக்கு, மிளகாய்ச் சிவப்பு, பாசிப்பச்சை, மயில் கழுத்து, செம்பு எல்லாம் தாங்கும். நம்ம ஊர் வார்ம் முகங்களில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான்.

மாநிறம், தேன் சாயல், ஆனால் பளிச் நிறம் போட்டால் நிறம் மட்டும் முன்னால் வந்து ஆள் பின்னால் போய்விடுகிறார் என்றால் மென்மையான இலையுதிர். இவர்களுக்கு வெங்காயத் தோல் நிறம், இலவங்கப்பட்டைப் பழுப்பு, மங்கின செங்கல். மினுமினுப்பு ஆகாது.

மாநிறத்துக்கு மேல் சிவந்த நிறம், மாம்பழ மஞ்சளும் கிளிப்பச்சையும் போட்டால் முகம் விழித்துக்கொள்கிறது என்றால் வசந்தம். கோரல் உண்மையில் பொருந்துவது இவர்களுக்குத்தான். அரக்கு இவர்களைப் பத்து வயது கூட்டிக் காட்டும்.

உங்க ஆறு பேரையும் அரக்குத் துணியும் கோரல் துணியும் மாற்றி மாற்றிப் பிடித்துப் பிரித்துவிடலாம்.

கணவாய் | மே 13, காலை 7.50
மேக் (MAC) கம்பெனி லிப்ஸ்டிக் பெயர்களில் சொன்னால் எளிதாக இருக்கும். சில்லி என்பது செங்கல் சாயல், இலையுதிருக்கு. லேடி டேஞ்சர் பளிச் கோரல் சிவப்பு, வசந்தத்துக்கு. எல்லாரும் கேட்கும் ரூபி வூ நீலச் சிவப்பு, வார்ம் ஆட்களுக்கு அது முதல் தேர்வு ஆகாது. ரஷ்யன் ரெட்டும் அதே பக்கம். இந்தப் பெயர்களை வைத்து விலை குறைந்த கம்பெனியில் அதே சாயலைத் தேடலாம்.

தளி குளிர் | மே 13, காலை 9.25
அதே கம்பெனி ஃபவுண்டேஷனில் ஒரு குழி இருக்கு, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். என்.சி. என்றால் நியூட்ரல் கூல், என்.டபிள்யூ. என்றால் நியூட்ரல் வார்ம். வார்ம் தோல்காரர் என்.டபிள்யூ. எடுத்துவிடுவார், ரோஸ் பூத்து நிற்கும். அங்கே என்.சி.தான் மஞ்சள், தங்கச் சாயல் தோலுக்கு. என்.டபிள்யூ. ரோஸ் சாயல் தோலுக்கு. என்.சி. 42, என்.சி. 45 என்று எண் ஏற ஆழம் ஏறும். மேபிலைன் ஃபிட் மீயில் 128, 230, 310, 330 என்று போகிற எண்ணும் ஆழத்தைக் காட்டும், அடிச்சாயலை எண்ணை வைத்துச் சொல்ல முடியாது.

தடவிப் பார்க்க வேண்டியது தாடையிலிருந்து கழுத்துக்கு இறங்கும் கோட்டில். அடுத்தடுத்த மூன்று ஷேடு, விரல் அகல இடைவெளியில், மூன்று கோடு. புறங்கை வேண்டாம், வெயிலில் கறுத்திருக்கும். அரை மணி நேரம் கடைக்கு வெளியே நின்று அப்புறம் பாருங்க. தண்ணீர்ச்சத்து ஆவியாகி, நிறமி தோல் எண்ணெயில் ஊறினதும் அரைப் படி முதல் ஒரு படி வரை கறுக்கும். எண்ணெய் வடியும் தோல் என்றால் கொஞ்சம் கூடுதலாகவே. மறைந்து போகிற கோடுதான் உங்க ஷேடு. இரண்டுக்கு நடுவே நின்றால் ஆழமானதை எடுங்க, நெற்றியும் அதோடு ஒத்துப்போகும்.

மாந்தோப்பு | மே 13, மதியம் 2.30
கையில் ஏற்கெனவே இருக்கும் ஃபவுண்டேஷன் ரோஸ் அடிக்கிறது. தூக்கிப் போடணுமா?

தளி குளிர் | மே 13, மதியம் 3.00
வேண்டாம். மஞ்சள் மிக்ஸர் என்று சொட்டு மருந்து பாட்டில் மாதிரி வருது, அதிலிருக்கும் நிறமி மஞ்சள் இரும்பு ஆக்சைடு, சி.ஐ. 77492. நாலு சொட்டு ஃபவுண்டேஷனுக்கு ஒரு சிறு சொட்டில் ஆரம்பிங்க. ஃபவுண்டேஷன் தண்ணீர் அடிப்படை என்றால் மிக்ஸரும் அதே, சிலிக்கான் என்றால் சிலிக்கான். மாற்றிக் கலந்தால் திரிந்து திட்டுத் திட்டாக நிற்கும். வெளிறியது என்றால் ஆழமான ஷேடைக் கலக்கணும். மேலே கறுத்த பவுடர் போட்டு மூடினால் மாலைக்குள் பவுடர் நகர்ந்து அடியிலிருக்கும் வெளிறல் எட்டிப் பார்க்கும்.

அரூர் ரோடு | மே 14, காலை 6.45
நம்ம இரண்டு ஜில்லாவுக்கென்று யாரும் எழுதாத விஷயம் ஒன்று: பல்.

நிலத்தடித் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகமான பகுதிகள் இங்கே நிறைய. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்கணும், வேறு வழி இல்லையென்றால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. அதற்கு மேல் குடித்து வளர்ந்தவர்களுக்குப் பல்லில் சுண்ணாம்பு வெள்ளைத் திட்டு, மஞ்சள் கோடு, பழுப்புக் கறை. பல் எனாமல் உருவாகும் சின்ன வயதில் ஏறின கறை அது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகு வளரும் பிள்ளைகளுக்குக் குறையும், பெரியவர்களின் பல்லில் ஏற்கெனவே இருப்பது அப்படியே இருக்கும். பருவக் கணக்கு சொல்லும் லிப்ஸ்டிக்கை இந்தப் பல்லோடு சேர்த்துத்தான் முடிவு பண்ணணும்.

வெளிர் ஆரஞ்சு உதடு பக்கத்தில் நின்றால் பல்லின் மஞ்சள் இரண்டு மடங்காகத் தெரியும், சாயல் ஒன்று, ஆழமும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால். பழுப்பு நியூட் (தோல் நிறத்தை ஒட்டின ஷேடு) போட்டால் பழுப்புக் கறையை உதடு திருப்பிச் சொல்கிற மாதிரி ஆகிவிடும். அதாவது இலையுதிருக்கு என்று விற்கும் பாதி ஷேடு இங்கே அடிபட்டுப் போகும்.

நீலச் சிவப்புதான் பல்லை வெளுப்பாகக் காட்டும், ஆனால் அது வார்ம் முகத்தோடு சண்டை போடும். வழி நடுவில் இருக்கு: சிவப்பை விடாமல், ஆழத்தைக் கூட்டுங்க. மிளகாய்ச் சிவப்பு, குங்குமச் சிவப்பு, அரக்கு. உதடு ஆழமாக இருந்தால் பல்லுக்கும் உதட்டுக்கும் இடைவெளி கூடி, பல் வெளுத்தே தெரியும். மென்மையான இலையுதிர் ஆட்களுக்கு மங்கின செங்கலில் கொஞ்சம் ரோஸ் கலந்த ஷேடு, உள் உதட்டில் மட்டும் ஒரு படி கூடுதல் சிவப்பு.

பல்லில் குழிவு இருந்தால் லிப்ஸ்டிக் அதில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கிரீம் வகையை டிஷ்யூவால் ஒற்றி, திரும்ப மெல்லிசாகப் போட்டு, மறுபடி ஒற்றணும். பிறகு சுத்தமான விரலை வாயில் வைத்து உதட்டை மூடி வெளியே இழுத்தால் உள் விளிம்பில் இருக்கும் மிச்சம் விரலோடு வந்துவிடும்.

கணவாய் | மே 14, மாலை 5.20
இதை இதற்கு முன்னால் எங்கேயும் படித்ததில்லை. பாலக்கோடு பக்கம் மேக்கப் பண்ணுகிறவர்கள் எல்லாரும் படிக்கணும்.

ஒரு சந்தேகம். சில கோரல் லிப்ஸ்டிக் டப்பாவில் ஆரஞ்சு, ஒரு மணி நேரத்தில் உதட்டில் ரோஸ். ஏன்?

அரூர் ரோடு | மே 14, இரவு 8.40
பெட்டியில் சி.ஐ. 45410 அல்லது 45380 இருக்கா பாருங்க. இவை உதட்டுத் தோலிலேயே கறையாக ஏறும் சாயம், ரோஸாகத்தான் ஏறும். மேலே இருக்கும் ஆரஞ்சு நிறமி சாப்பிடும்போது துடைபட்டுப் போக, அடியில் ஏறின ரோஸ் மட்டும் மிஞ்சும். டீ குடித்தும் போகாது என்று விற்கும் பலவற்றில் இந்தச் சாயம் உண்டு. முகூர்த்தத்தில் போட்டது பந்தி முடிவதற்குள் ராணி பிங்க் ஆகிவிடும். வார்ம் ஆட்கள் இரும்பு ஆக்சைடு (77491, 77492, 77499) அதிகமாக உள்ளதை எடுத்தால் நிறம் மாறாது. அது தேயும், ஆனால் தேயும்போதும் அதே நிறத்தில் தேயும். சி.ஐ. 15850 சிவப்புக்குப் பயப்பட வேண்டாம், அதில் ஆரஞ்சு பக்கமும் உண்டு, நீலப் பக்கமும் உண்டு.

மாந்தோப்பு | மே 15, காலை 11.00
கருவளையத்துக்கு ஆரஞ்சு கரெக்டர் (கன்சீலருக்கு அடியில் கருமையை அடக்கப் போடும் நிறப் பூச்சு) கிடைக்கவில்லை. ஆரஞ்சு லிப்ஸ்டிக்கைத் தடவி மேலே கன்சீலர் போடச் சொல்கிறார்கள். சரியா?

தளி குளிர் | மே 15, காலை 11.35
நிறக் கணக்கில் சரி, நீலக் கருமையை ஆரஞ்சு அடக்கும். ஆனால் கண்ணுக்குப் பக்கம் லிப்ஸ்டிக் வேண்டாம். 15850, 45410 மாதிரி உதட்டுச் சாயங்களுக்கு அமெரிக்காவில் கண் பகுதிக்கு அனுமதியே கிடையாது. கரெக்டராகவே வாங்குங்க. மாநிறத்துக்குப் பீச் கரெக்டர், ஆழமான தோலுக்கு ஆரஞ்சு. ஒரு கண்ணுக்குப் பச்சைப்பயறு அளவு. கருமை இருக்கும் பள்ளத்தில் மட்டும் மோதிர விரலால் ஒற்றி, ஒரு நிமிடம் விட்டு, மேலே தோல் நிறக் கன்சீலர். கன்சீலர் இரண்டு படி வெளிறி இருந்தால் இவ்வளவு வேலையும் வீண், கண்ணுக்குக் கீழ் சாம்பல் பிறை விழும்.

அரூர் ரோடு | மே 15, மதியம் 1.50
இதில் ஒன்று சேர்க்கணும். கருமை பழுப்பாக இருந்தால் ஆரஞ்சு அவ்வளவாக வேலை செய்யாது. நல்ல மூடுதிறன் உள்ள, தோல் நிறக் கன்சீலரே போதும். விரலால் கீழ்த்தோலை மெதுவாக இழுத்துப் பாருங்க. பள்ளத்தின் நிழல் என்றால் மாறும், நிறமி என்றால் அப்படியே இருக்கும்.

மேலுதடு கறுத்து, கீழுதடு ரோஸாக இருப்பவர்களுக்கும் இதே கவனம். மெல்லிய, கண்ணாடி மாதிரி லிப்ஸ்டிக் போட்டால் இரண்டும் இரண்டு நிறமாகத்தான் வரும். கீழுதட்டில் மட்டும் செம்பழுப்பு பென்சிலால் நிரப்பி இரண்டையும் சமன் பண்ணி, மேலே மூடுதிறன் உள்ள லிப்ஸ்டிக். நியூட் வேண்டும் என்றால் அது தோல் நிறத்துக்குச் சமமாகவோ ஒரு படி ஆழமாகவோ இருக்கணும். கடையில் டெஸ்டரை உதட்டில் வைக்காதீங்க, விரல் நுனிச் சதையில் தடவிப் பாருங்க, அந்தச் சிவப்பு உதட்டுக்குப் பக்கத்தில் வரும்.

கணவாய் | மே 16, இரவு 9.30
முகூர்த்தம் விடியற்காலை நாலரை, ஆறு. மேக்கப் ராத்திரி இரண்டு மணிக்கு டியூப்லைட்டில். அப்போ எப்படி ஷேடு பார்ப்பது?

அரூர் ரோடு | மே 17, காலை 7.10
ஷேடு முடிவை ராத்திரிக்கு வைக்கவே வைக்காதீங்க. முந்தின நாள் மாலை 5 மணிக்குள், வெளி நிழலில், முகூர்த்தப் புடவையின் முந்தானையைத் தோளில் போட்டு முடித்துவிடுங்க. எந்த ஃபவுண்டேஷன் எத்தனை சொட்டு, எந்த லிப்ஸ்டிக் என்று எழுதி வைத்தால் ராத்திரி அப்படியே போட்டுக்கொண்டு போகலாம். நீலம் அடிக்கும் வெள்ளை டியூப்லைட்டில் வார்ம் முகம் வாடித் தெரியும். உடனே ஆரஞ்சைக் கூட்டத் தோன்றும். மண்டபத்தின் மஞ்சள் விளக்கும் வீடியோ லைட்டும் சேர்ந்தால் அந்த ஆரஞ்சு இரட்டிப்பாகும்.

ஃபிளாஷ் அடிக்கும் இடத்தில் சிலிக்கா பவுடரை அள்ளிப் போட்டால் படத்தில் வெள்ளைத் திட்டு விழும், எஸ்.பி.எஃப். (வெயில் பாதுகாப்பு அளவு) அதிகமான ஃபவுண்டேஷனும் முகத்தைக் கழுத்தை விட வெளிறக் காட்டும். போட்டு முடித்ததும் ஃபோனில் ஃபிளாஷோடு ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடுங்க.

தளி குளிர் | மே 17, காலை 10.45
பொட்டும் கண்மையும் விட்டுப்போச்சு. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்த குங்குமம் வார்ம் சிவப்பு, வார்ம் முகத்தில் எந்த லிப்ஸ்டிக்கோடும் இணையும். ஸ்டிக்கர் பொட்டு அட்டையில் வரும் மெரூன் பலதும் நீலம் அடிக்கும். உதட்டில் செங்கல், நெற்றியில் ஊதா மெரூன் என்றால் இரண்டும் தனித்தனியே இழுக்கும். அட்டையை லிப்ஸ்டிக் பக்கத்தில் பிடித்துப் பார்த்து, காவி பக்கம் சாயும் மெரூனை எடுங்க. கண்மை ஆழ்ந்த இலையுதிருக்குக் கருப்பே சரி. மென்மையான இலையுதிருக்கு மேல் இமையில் கரும்பழுப்பு, உள் கோட்டில் மட்டும் கருப்பு. ஐஷேடோவில் வெள்ளி வேண்டாம், செம்பு அல்லது பழைய தங்கம். புடவை மயில் கழுத்து என்றால் அதே நிறத்தை இமை நடுவில் வைக்காமல் கீழ் இமை ஓரத்தில் மெல்லிசாக இழுத்தால் போதும்.

மாந்தோப்பு | மே 17, இரவு 8.15
ஆறு பேரில் நாலு பேர் அரக்கில் தெளிந்தார்கள், ஒருத்தர் கோரலில், ஒருத்தருக்கு இரண்டும் கத்துது. அந்தக் கடைசி ஆளுக்கு வெங்காயத் தோல் நிறம் வைத்துப் பார்க்கட்டுமா?

அரூர் ரோடு | மே 17, இரவு 8.50
ஆமாங்க, அதைத்தான் முதலில் வைக்கணும். அதிலும் முகம் மங்கினால் ஆலிவ் என்று வைத்துக்கொண்டு, மஞ்சள் மிக்ஸரை நிறுத்திவிட்டு, ஃபவுண்டேஷனில் ஊசிமுனை அளவு நீல மிக்ஸர் சேர்த்துத் தாடையில் தடவிப் பாருங்க. கோடு மறைந்தால் ஆலிவ்தான். லிப்ஸ்டிக்கில் ஆரஞ்சைக் குறைத்து, செங்கல் ரோஸ் பக்கம் போங்க.